வெந்நீரில் குளித்த ஓக் கொட்டை

யோனாகோ, 2012 மே 14

அன்சாய் டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் என்றால் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். இரண்டு தாள் கிழிந்ததுதான் மிச்சம். நேராக விஷயத்துக்கு வருகிறேன், மன்னிக்கவும்.

நான் முனகாதா சதோமி. உங்கள் மழலையர் பள்ளியில் முயல் வகுப்பில் இருந்த கொதோனெயின் அம்மா. அணு உலை வெடித்த பிறகு, போன வருடம் ஜூனில் நானும் அவளும் ஃபுகுஷிமாவை விட்டு மேற்கே யோனாகோவுக்கு வந்தோம். ஓடிப்போனவர்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரலாம். கிளம்பும் முன் பள்ளிக்கு வந்து, செருப்பு அலமாரியிலிருந்து கொதோனெயின் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தேன். "போக இடம் இருக்கறவங்க போகட்டும். மிச்சம் இருக்கற பிள்ளைங்களுக்கு நாங்க இருக்கோம்" என்றீர்கள். அங்கிருந்த எல்லா அம்மாக்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னீர்கள்.

அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. கொதோனெயின் ஓக் கொட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

2010 இலையுதிர் காலத்தில் பிள்ளைகளைப் பின்மலைக்கு அழைத்துப் போய், மரங்களைத் தொட்டுப் பார்க்க வைத்து, விழுந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்க வைத்தீர்கள். பிறகு ஆளுக்கு ஒன்றைப் பால் அட்டைப்பெட்டியில் நட்டுக் கொடுத்தீர்கள். கொதோனெயின் பெட்டியில் உங்கள் கையெழுத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஊரைவிட்டு வந்த அன்று பொம்மையை விட்டுவிட்டாள், அதை விடவில்லை. பஸ் நிலையத்தில் என் கணவர் தகேஷி அந்தப் பெட்டியைத் தட்டிக்காட்டி அவளிடம் சொன்னார்: "ஓக் மரத்தை வெட்டினாலும் துளிர்க்கும், தெரியும்ல? இது முளைக்கட்டும். முளைச்ச அன்னைக்கு நீயும் அம்மாவும் வீட்டுக்கு வந்துடலாம்."

உங்களுக்கே தெரியும், தகேஷியின் தொழில் காளான் வளர்க்கும் கட்டைகளுக்கு ஓக் வெட்டுவது. வெட்டிய அடிமரம் துளிர்ப்பதுதான் அவருக்குத் தெரியும். கொட்டையிலிருந்து மரம் வளர்த்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து முதல் கேள்வியாக "முளைச்சுதா?" என்று கேட்கிறார். கொதோனெ தினமும் காலையில் பல் துலக்கும் குவளையால் தண்ணீர் ஊற்றிவிட்டு, "இன்னைக்குப் போகலாமா?" என்று கேட்கிறாள். "இன்னும் முளைக்கலையே" என்கிறேன்.

மேல் மண்ணை மட்டும் அவளுக்குத் தெரியாமல் சுரண்டி, கடையில் வாங்கிய மண்ணைப் போட்டேன். கொட்டையைத் தொடவில்லை. இரண்டு வசந்தம் போய்விட்டது. ஓக் இவ்வளவு நாள் எடுக்குமா? அவள் உங்களைத்தான் நம்புகிறாள். அதனால் கேட்கிறேன்.

சதோமி

*

ஃபுகுஷிமா, 2012 ஜூன் 2

கொதோனெயின் அம்மாவுக்கு,

மழைக்காலம் வாசலில் வந்து நிற்கும் இந்நாட்களில் நீங்களும் கொதோனெயும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பள்ளி வேலியோரத்து ஹைட்ரேஞ்சியா இந்த ஆண்டும் பூத்துவிட்டது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்தார்கள்.

கடிதம் கண்டு மகிழ்ந்தேன். கொதோனெ அந்தப் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஓக் முதலில் கீழே வேர் விடும். மேலே நீண்ட நாள் ஒன்றும் தெரியாது. தண்ணீரைக் குறையுங்கள். நேர் வெயில் படாமல் வையுங்கள். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். இயற்கையைக் கவனிப்பதில் முதல் பாடமே பொறுமைதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. நீங்களும் பொறுமையாக இருங்கள்.

இங்கே பிள்ளைகள் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் வெளியே விளையாடலாம். பின்மலைக்குப் போவதில்லை. போன இலையுதிர் காலத்தில் தெற்கே ஒரு பள்ளியின் பிள்ளைகள் ஒரு பெட்டி நிறைய ஓக் கொட்டைகளும் இலைகளும் அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் நீலத் துணி விரித்துக் கொட்டினேன். ஒரு பிள்ளையும் கை வைக்கவில்லை. "டீச்சர், இதைத் தொடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். தொடலாம் என்றேன். ஒவ்வொரு கொட்டைக்கும் கேட்டார்கள். அன்று முழுக்க "தொடலாம், தொடலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஊரில் இனி யாரும் காளான் கட்டை வாங்குவதில்லை. உங்கள் கணவர் கதிரியக்கம் படிந்த மேல்மண்ணைச் சுரண்டும் குழுவில் சேர்ந்திருக்கிறார். எங்கள் முற்றத்தையும் அவர்கள்தான் சுரண்டினார்கள். இளைத்திருக்கிறார். "கொதோனெக்கு நீங்க சொல்லிக்குடுத்த இலைப் பேரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்காம், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செருப்பு அலமாரி அருகே நான் சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுக்கமாட்டேன். அந்த வாரத்தில் மட்டும் ஒன்பது பிள்ளைகள் போனார்கள்.

அன்சாய்

*

யோனாகோ, 2012 செப்டம்பர் 9

டீச்சர்,

ஒரே ஒரு கேள்வி. நேற்று மாலை கொதோனெயைத் தொட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சூடாக இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அம்மா, ஓக் கொட்டையும் இப்படித்தான் குளிச்சுது."

"எங்க?"

"ஸ்கூல்ல. அன்சாய் டீச்சர் பெரிய பாத்திரத்துல குளிப்பாட்டினாங்க. ஆவி வந்துச்சு. தண்ணியெல்லாம் டீ மாதிரி ஆயிடுச்சு. 'ஜலதோஷம் பிடிக்கக் கூடாதுல்ல, அதான் வெந்நீர்'னு சொன்னாங்க. நாங்க எல்லாரும் நூறு வரைக்கும் எண்ணினோம்."

அவள் முதுகில் சோப்பு அப்படியே இருந்தது.

நீங்கள் அதை வேகவைத்தீர்களா இல்லையா? ஜூன் மாதக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பொறுமை என்ற சொல் அதில் மூன்று முறை வருகிறது. ஆறு வயதுப் பிள்ளை வெந்த கொட்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் பொறுமை சொல்லித் தருகிறீர்கள். பருவத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். பதிலை மட்டும் எழுதுங்கள்.

சதோமி

*

ஃபுகுஷிமா, 2012 செப்டம்பர் 20

கொதோனெயின் அம்மாவுக்கு,

ஆம். வேகவைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பதிலில் உங்களுக்கும் பங்கு உண்டு. 2009-இல் கொதோனெ பையில் ஓக் கொட்டை கொண்டு வந்தாளே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் அதிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்து அவள் மெத்தையில் ஊர்ந்தன. மறுநாள் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும் தொடர்பு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பினீர்கள், சிவப்பு மையில். முகத்தில் விழிக்க விரும்பாதவர்களுக்குத்தான் சிவப்பு மையில் எழுதுவார்கள். இருபத்தாறு வருட வேலையில் எனக்கு அப்படி யாரும் எழுதியதில்லை. தலைமையாசிரியர் நோட்டை என் மேசையில் போட்டு, "இனிமே ஒரு கொட்டைகூட வேகவைக்காம உள்ள வரக் கூடாது" என்றார்.

ஆனாலும் நடுவதற்கென்று இருபத்திரண்டு கொட்டைகளைத் தலைமையாசிரியருக்குத் தெரியாமல் தனியே எடுத்து வைத்தேன். தண்ணீரில் போட்டு, மூழ்கிய நல்ல கொட்டைகளாகப் பார்த்து எடுத்தவை. நட்ட அன்று கொதோனெ காய்ச்சலில் வரவில்லை. அவளுடையதை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். மறுநாள் வந்தாள். கிண்ணத்தைக் காணோம். பம்பரம் செய்ய வேகவைத்திருந்த கொட்டைகளோடு யாரோ கலந்துவிட்டிருந்தார்கள். எல்லோர் பெட்டியும் வராந்தாவில் வரிசையாக இருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை. உதடு பிதுங்கிவிட்டது. எனக்குப் பின்னால் பதினைந்து பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வெந்த குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து, "இதோ உன்னோடது" என்று நட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே மலைக்குப் போய் நல்ல கொட்டை ஒன்று எடுத்து வந்து இன்னொரு பெட்டியில் நட்டேன். அவள் பெயரை அதிலும் எழுதினேன். வசந்தத்தில் அது முளைத்ததும், பிள்ளைகள் மதியம் தூங்கும்போது மாற்றி வைத்துவிடலாம் என்று எண்ணினேன். மழலையர் பள்ளியில் செத்துப்போன தங்கமீனையும் வண்டையும்கூட இப்படித்தான் மாற்றுவோம். தப்பாகத் தோன்றியதே இல்லை. அப்புறம் மார்ச் 11, அந்த நிலநடுக்கம் வந்தது.

அந்த ஏப்ரலில் மற்ற எல்லாப் பெட்டிகளும் முளைத்தன. வெளியே வந்து பார்க்கப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. மண்ணோடு சேர்த்துக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினார்கள். கொதோனெயின் பெட்டியும் அதோடு போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கொதோனெக்கென்று வைத்த செடியை மட்டும் சாமான் அறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். நன்றாக வளர்ந்திருக்கிறது. அதை அனுப்ப முடியாது. கதிர்வீச்சை அளந்து பார்த்தேன், அந்த அளவை இங்கே எழுத மாட்டேன்.

என் தங்கை வடக்கே அகிதாவில் இருக்கிறாள். அந்த ஊர் மண் சுத்தம். அக்டோபரில் கொட்டை விழும். வேர் விட்டதாகப் பார்த்து அனுப்புகிறேன். நீங்கள் பெட்டியில் மாற்றி வைத்துவிடுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம். இதைச் செய்ய விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்சாய்

*

யோனாகோ, 2012 நவம்பர் 10

அன்சாய் டீச்சர் அவர்களுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் கோபம். அந்தச் சிவப்புப் பேனா அன்று கைக்குக் கிடைத்த பேனா, அவ்வளவுதான். அடுப்பில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் அதை மூன்று வருடம் மனதில் வைத்திருந்தீர்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

அனுப்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தகேஷி ஆகஸ்டில் இங்கே வந்திருந்தார், பதினாறு மணி நேரம் பஸ்ஸில். இரண்டு நாள் கொதோனெயோடு கடலில் விளையாடினார். மூன்றாம் நாள் காலை அவள் பக்கத்து வீட்டில் இருந்தபோது பேசினோம்.

"ஊர்ல எத்தனை பிள்ளைங்க இருக்கு பாரு. அதெல்லாம் பிள்ளைங்க இல்லையா?" என்றார்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு நான் அம்மா இல்லையே" என்றேன்.

"நீ மகளைக் காப்பாத்தறே, சரி. நான் மட்டும் என்ன, காப்பாத்த வேண்டாதவனா? தினமும் அந்த மண்ணைத்தான் சுரண்டறேன். நீ எங்கிட்ட ஒரு தடவையாவது உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டியா?"

கேட்டதில்லை. உண்மை. எந்த ஊர்க் கீரை வாங்கினேன் என்று நான் பையைத் திருப்பிப் பார்ப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கிளம்பும்போது விவாகரத்துப் படிவத்தை மேசையில் வைத்தார். அவருடைய இடத்தில் கையெழுத்தோடு முத்திரையும் குத்தியிருந்தது. "வர்றதா இருந்தா வா. இல்லன்னா உன் முத்திரையைக் குத்தி அனுப்பிடு. ரெண்டுங்கெட்டானா என்னால இருக்க முடியல, சதோமி." படிவம் அலமாரி இழுப்பறையில் கிடக்கிறது. குத்தாத என் முத்திரை அதன் மேலேயே இருக்கிறது. மூன்று மாதமாகத் திறந்து திறந்து மூடுகிறேன்.

இப்போது புரிகிறதா? தினமும் காலையில் அவள் "போகலாமா?" என்கிறாள். "இன்னும் முளைக்கலையே" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்த வீடு நிற்கிறது. அது முளைத்தால் நான் வேறு பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வேறு பதில் கிடையாது. நீங்கள் வேகவைத்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நாள் காலையில் எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஏப்ரலில் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குள் சொல்லிவிடுவேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அதுவரை அந்தக் கொட்டை அப்படியே கிடக்கட்டும்.

சதோமி

*

ஃபுகுஷிமா, 2012 நவம்பர் 13

கொதோனெயின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நான் பார்சலை நேற்றே அனுப்பிவிட்டேன். ஏழு வாரம் காத்திருந்தேன். என்னிடம் பேசவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொதோனெயின் பெயருக்கே, அவள் படிக்கிற எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். உள்ளே ஈரப்பஞ்சில் சுற்றி ஒரு கொட்டை இருக்கிறது. வேர் ஒரு விரல்கடை வந்துவிட்டது.

உங்கள் வீட்டு போன் எண் எனக்குத் தெரியாது. இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். பார்சலை அவள் கையில் கொடுக்காதீர்கள். தயவுசெய்து வாங்கி ஒளித்துவிடுங்கள்.

மன்னியுங்கள், மன்னியுங்கள்.

அன்சாய்

*

யோனாகோ, 2012 டிசம்பர் 1

அன்சாய் டீச்சர் அவர்களுக்கு,

பார்சல்தான் முதலில் வந்தது. நான் மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாங்கிக் கொதோனெயிடம் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், மேசையில் ஒரு தட்டில் உங்கள் கொட்டை இருந்தது, வெள்ளை வேர் வளைந்து நின்றது. பக்கத்தில் அவளுடைய பால் பெட்டி. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சந்தோஷமாக இருப்பதுபோல் குரலை வைத்துக்கொண்டு, "அடடே, முளைச்சுடுச்சா?" என்றேன்.

"இது என்னோடது இல்லம்மா."

"உன்னோடதுதான். டீச்சர் அனுப்பியிருக்காங்கல்ல?"

"என்னோடது செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

அவள் எதிரே உட்கார்ந்தேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தோண்டிப் பாத்தேன். அப்பா வந்துட்டுப் போனாரே, அதுக்கப்புறம். உள்ள கறுப்பா, கொழகொழன்னு இருந்துச்சு. திரும்ப மூடி வச்சுட்டேன்."

"எதுக்குத் தோண்டினே?"

"அப்பா போன்ல கேக்கறதை நிறுத்திட்டாரு. முன்னாடியெல்லாம் முளைச்சுதா, முளைச்சுதான்னு கேப்பாரு. இப்ப சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேக்கறாரு. அவருக்கு ஏதோ தெரிஞ்சுபோச்சோன்னு பாத்தேன்."

டீச்சர், எனக்கு அது தெரியவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் ஏன்டி தினமும் தண்ணி ஊத்தினே? ஏன் போகலாமான்னு கேட்டே?"

தோளைக் குலுக்கினாள். "நான் கேட்டா நீ இன்னும் முளைக்கலையேன்னு சொல்லுவே. அதைச் சொன்னப்புறம்தான் நீ நல்லா சாப்பிடறே."

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர், காய்ச்சல், கிண்ணம், இழுப்பறையில் இருக்கும் தாள், எல்லாவற்றையும். "டீச்சர் என்னை ஏமாத்தினாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீயும்தானே?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு முத்திரையைக் குத்தினேன். கோணலாக விழுந்துவிட்டது, ஆனாலும் நகராட்சி அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

நீங்கள் அனுப்பியதைக் குடியிருப்பின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நட்டோம். பெயர் எழுதி ஒரு குச்சி நடலாமா என்று கேட்டேன். "வேண்டாம். அப்புறம் விட்டுட்டுப் போகணும்னா கஷ்டம்" என்றாள். ஆறு வயது.

உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத வரவில்லை. இது கறுப்பு மைதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

சதோமி

*

ஃபுகுஷிமா, 2013 மார்ச் 24

சதோமி அவர்களுக்கு,

உறையில் எந்தக் குடும்பப் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், வந்து சேர்ந்தால் சரி.

பள்ளியை இம்மாதத்தோடு மூடுகிறார்கள். மிச்சம் இருந்தது ஏழு பிள்ளைகள். வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். என்னையும் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அன்று பெரிதாகச் சொன்னேனே, அந்த நாங்களும் இல்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இனி மறைத்து வைத்து மாற்றிக் கொடுக்கிற வேலை வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாமான் அறைக்குப் பின்புறத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு, முகமூடி. கொதோனெக்கென்று நான் வைத்த செடி அங்கேதான் இருந்தது, முழங்கால் உயரம். இலை உதிர்ந்து வெறும் குச்சிதான், ஆனால் மொட்டுகள் தடித்திருந்தன. ஒருவர் அதைத் தூக்கப்போய், பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். குரலைக் கேட்ட பிறகுதான் தகேஷி என்று தெரிந்தது.

"முளைச்சுதா?" என்றார். என்னைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்துத்தான் கேட்டார். மறுபடியும், "டீச்சர், முளைச்சுதா இது?"

"இது முளைச்சுது. அவ கையில கொண்டுபோனது முளைக்கல. நான் வேகவெச்சதைக் குடுத்துட்டேன்" என்றேன்.

பின்னால் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். தகேஷி எழுந்து, வழக்கப்படி கதிர்வீச்சு மீட்டரை வேரருகே பிடித்து, அது காட்டிய எண்ணைச் சத்தமாகப் படித்தார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். பிறகு புதிதாக ஒரு கறுப்புப் பையை விரித்து, செடியைப் பெட்டியோடு நிமிர்த்தி உள்ளே வைத்து, வாயைக் கட்டத் தொடங்கினார்.

"என்னப்பா, பை முக்கால்வாசி காலி. மண்ணை அள்ளிப் போட்டுட்டுக் கட்டு" என்றார் மேற்பார்வையாளர்.

"இதுல வேற எதுவும் போட மாட்டேன்" என்றார் தகேஷி. கட்டிவிட்டு, மற்ற பைகள் கிடக்கும் இடத்துக்கு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, ஓரமாக வைத்தார். மற்ற பைகளை அவர்கள் வீசித்தான் போடுவார்கள்.

பையின் எண் 4417. கொதோனெ கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அன்சாய்